எல்.எஸ்.டி. போட்டால் கார் சாலையைப் பிடிக்குமா? பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியவை

மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு சிக்னல். பச்சை விழுந்ததும் வரிசையில் முதலில் நிற்கும் டர்போ கார் 'விர்'ரென்று சத்தம் போடுகிறது, ஆனால் நகரவில்லை. அதன் இடது முன்சக்கரம் ஓரத்து மணலில் நிற்கிறது. அந்த ஒரு சக்கரம் மட்டும் மணலை வாரி இறைத்துச் சுற்ற, நல்ல தார் மேல் இருக்கும் வலது சக்கரம் சும்மா நிற்கிறது. அதற்குள் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ கிளம்பிப் போயே விடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வேகக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. "வண்டில பவர் இருக்கு, ரோட்டுக்குத்தான் வர மாட்டேங்குது" என்பது அவர்களுடைய புலம்பல். ரீமேப் செய்து என்ஜின் சக்தியை ஏற்றிய பிறகு இந்தப் புலம்பல் இன்னும் கூடும். அடுத்த கேள்வி தானாக வரும்: "எல்.எஸ்.டி. போட்டுடலாமா?"

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்பதன் சுருக்கம் இது. சக்கரம் வீணாகச் சுற்றுவதை ஓர் அளவோடு நிறுத்தும் டிஃபரன்ஷியல். வெளிநாட்டிலிருந்து தருவித்து, சுங்க வரி கட்டி, கியர்பாக்ஸை இறக்கிப் பொருத்தி முடிக்கும்போது செலவு லட்ச ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். அவ்வளவு செலவழித்தும் தவறான வகையைப் பொருத்தினால், மழைக்காலத்தில் கார் முன்பைவிட மோசமாக நடந்துகொள்ளும். இந்தப் பகுதியில் தினமும் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் தேவை நல்ல டயர்தான். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 'ஹெலிகல்' எனப்படும் பல்சக்கர வகை ஒன்றே சாலைக்கு ஏற்றது. ஏன் என்று பார்க்கலாம்.

சமமாகப் பிரிப்பதுதான் பிரச்சினை

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவதே டிஃபரன்ஷியலின் வேலை. மெக்கானிக்குகள் 'கிரவுன்', 'பினியன்' என்று பேசுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

சாதாரணக் கார்களில் இருப்பது திறந்த வகை. அது இரு சக்கரங்களுக்கும் டார்க் எனும் முறுக்குவிசையை எப்போதும் சரிபாதியாகத்தான் கொடுக்கும். கேட்க நியாயமாகத் தெரிகிறது, சிக்கலே அங்குதான். தார் மேல் உள்ள சக்கரம் 1,000 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும், மணலில் உள்ள சக்கரம் 200 மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மணல் சக்கரம் 200-ஐத் தாண்டியதும் வழுக்கிவிடும். சரிபாதி விதிப்படி தார்ச் சக்கரத்துக்கும் 200தான். மொத்தம் 400. என்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் காரைத் தள்ளுவது அவ்வளவுதான்.

வளைவிலும் இதே கதை. மதுரவாயலில் பைபாஸுக்கு ஏறும் வளைவுப் பாதையில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் காரின் எடை வெளிப்பக்கம் சாயும். உட்பக்க முன்சக்கரம் லேசாகி வழுக்கும். கார் ஸ்டியரிங் சொன்ன பக்கம் போகாமல் வெளியே விலகும். 150 பிஎஸ் சக்தியும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொண்ட விர்டஸ் ஜிடி 1.5 போன்ற கார்களில் இது நன்றாகவே தெரியும். 110 பிஎஸ் போலோ 1.0 டிஎஸ்ஐ, 120 பிஎஸ் ஐ20 என் லைன் போன்றவற்றில் ரீமேப் செய்யாதவரை அவ்வளவாகத் தெரியாது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆவடியைத் தாண்டிய திருவள்ளூரில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. அதே தலைமுறை லான்சர் உடலில்தான் ஜப்பானில் எவோ 4, 5, 6 கார்கள் வந்தன. 1996-இல் வந்த எவோ 4-இல் பின்சக்கரங்களுக்கிடையே டார்க்கை மாற்றிப் பிரிக்கும் ஏ.ஒய்.சி. அமைப்பு இருந்தது. திருவள்ளூர் லான்சர் சாதுவான குடும்பக் கார். உருவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. லான்சர் பைத்தியங்கள் இன்றும் அந்த ஏக்கத்தோடு இருக்கிறார்கள்.

பிரசுரத்தில் இருக்கும் எல்.எஸ்.டி. வேறு

"என் கார்லயே எல்.எஸ்.டி. இருக்குன்னு போட்டிருக்கே" என்று சிலர் சொல்வார்கள். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மாருதி ஜிம்னியின் விவரப் பட்டியலில் 'பிரேக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்று இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன்னுடைய அமைப்புகளை ஈடிஎஸ், எக்ஸ்டிஎஸ் என்று அழைக்கிறது. இவற்றில் டிஃபரன்ஷியல் பழைய திறந்த வகையேதான். சக்கரம் வழுக்குவதை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடித்ததும் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போடுகிறது.

முந்தைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். மணல் சக்கரத்துக்கு 300 அளவு பிரேக் பிடித்தால், அது 200-க்குப் பதில் 500 தாங்குவதாக டிஃபரன்ஷியல் நினைத்துக்கொள்ளும். மறுபக்கமும் 500 போகும். சாலைக்குப் போய்ச் சேர்வது 200-ம் 500-ம் சேர்த்து 700. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 300 பிரேக் பேடில் வெப்பமாகப் போகிறது. சிக்னலில் இரண்டு விநாடிக்கு இது போதும். பந்தயத் தடத்தில் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் பிரேக் சூடேறும், பேட் தேயும், கம்ப்யூட்டர் என்ஜின் சக்தியையும் குறைத்துவிடும்.

ஜிம்னி சேற்றிலிருந்து வெளியே வர இதுவே தாராளம். எனவே இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சாலையில் மட்டும் ஓட்டும் பெரும்பாலோருக்கும் இதுவே போதும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதுதான் விஷயம்.

உண்மையான எல்.எஸ்.டி.யோடு ஷோரூமிலிருந்தே வந்த கார்களும் இந்தியாவில் உண்டு. 2020-இல் 200 கார்கள் மட்டும் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245-இல் முன்சக்கரங்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டு கிளட்ச் கொண்ட டிஃபரன்ஷியல் இருந்தது. 2025-இல் இங்கே வந்த கோல்ஃப் ஜிடிஐ-யிலும் அதே வகைதான். சென்னை அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2021 முதல் பூட்டப்படும் எம்340ஐ காரின் பின்பக்கத்திலும் மின்னணு டிஃபரன்ஷியல் உண்டு. ஆனால் இந்த மின்னணு வகையைத் தனியாக வாங்கி வேறொரு காரில் பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம். சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, மென்பொருள் எல்லாம் அந்தந்தக் காரோடு பின்னிப் பிணைந்தவை.

டிராக்டர் பெடலும் வெல்டிங் கம்பியும்

சேற்று வயலில் டிராக்டரின் ஒரு சக்கரம் புதைந்து சுற்றினால் ஓட்டுநர் குதிகாலால் ஒரு பெடலை மிதிப்பார். இரு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வண்டி ஏறி வந்துவிடும். அதுதான் லாக்கர் வகை. திருவள்ளூர் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஃபோர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டுக்கும் இது உண்டு. மகேந்திரா தார், பொலேரோ நியோ ஆகியவற்றின் சில மாடல்களில் சக்கரம் வழுக்கியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை வருகிறது. வேலை முடிந்ததும் பூட்டு திறந்துவிட வேண்டும். பூட்டியபடியே தார் ரோட்டில் திருப்பினால் டயர் தேயும், ஆக்ஸிலுக்கு ஆபத்து.

இதையே மலிவாகச் செய்கிறேன் என்று டிஃபரன்ஷியலுக்குள் வெல்டிங் அடித்துவிடும் வழக்கமும் உண்டு. பின்சக்கர இயக்கப் பழைய கார்களை 'டிரிஃப்ட்' செய்ய ஆசைப்படுபவர்கள் செய்வது. சாலையில் ஓடும் காருக்கு இது கூடவே கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் இழுபட்டபடியே வரும். அந்த முறுக்கம் முழுவதையும் ஆக்ஸில்தான் தாங்க வேண்டும். வெல்டிங் விட்டுப்போனால் உடைந்த துண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் போய்ச் சிக்கும். ஓடும்போது பின்சக்கரம் இறுகிப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கிளட்ச் வகை. உள்ளே தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சரிவான மேடைகள் அந்தத் தட்டுகளை நெருக்கி இரு சக்கரங்களையும் இணைக்கும். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் இறுக்குவது 'ஒன் வே'. காலை எடுத்து என்ஜின் பிரேக் ஆகும்போதும் அதே அளவு இறுக்குவது 'டூ வே'. இரண்டுக்கும் நடுவில் 'ஒன்றரை வே'. பந்தயக்காரர்களுக்கு இது பிடிக்கும். மேடைச் சரிவையும் தட்டுகளையும் மாற்றி விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினாலும் ஓரளவு வேலை செய்யும்.

சாலைக்கு வரும்போதுதான் வம்பு. தட்டுகள் தேயும், குறிப்பிட்ட இடைவெளியில் பிரித்து மாற்ற வேண்டும். பார்க்கிங்கில் முழுதாக ஸ்டியரிங் ஒடிக்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும். வீட்டில் இருப்பவர்கள் கார் ரிப்பேர் என்றே நினைப்பார்கள். இதைவிடப் பெரிய விஷயம் எண்ணெய். பின்சக்கர இயக்கக் காரில் டிஃபரன்ஷியலுக்குத் தனி எண்ணெய். உராய்வைச் சரிப்படுத்தும் சேர்மானம் கலந்த ஜிஎல்-5 எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம். முன்சக்கர இயக்கக் காரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுக்கு ஏற்ற எண்ணெய் கியர் மாற்றும் சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துப்போகாமல் போகலாம். தட்டு தேய்ந்த தூள் கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்குள் போகும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடும் காரில் இந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சிலிகான் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகையும் இருக்கிறது. சக்கரம் வழுக்கித் திரவம் சூடான பிறகே அது பிடிக்கும். தாமதம். காலப்போக்கில் திரவம் வலுவிழக்கும். புதிதாக வாங்குபவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

ஹெலிகல் ஏன்?

ஹெலிகல் வகையில் தட்டுகள் கிடையாது. சாய்வாகப் பல் வெட்டிய சிறு சக்கரங்கள் மட்டுமே. டார்க் ஏறும்போது அந்தச் சாய்வு காரணமாகப் பல்சக்கரங்கள் கூட்டின் சுவரில் அழுந்தும். அந்த உராய்வே பிடிமானம் குறைந்த பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு டார்க்கைத் திருப்பிவிடும். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 'டார்சன்'. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் குவைஃப் நிறுவனம் செய்யும் ஏடிபி இன்று முன்சக்கர இயக்கக் கார்க்காரர்களிடையே பெயர் பெற்றது.

இதன் திறனை 'பயஸ் விகிதம்' என்ற எண்ணால் சொல்வார்கள். விகிதம் 2.5 என்றால், பலவீனமான சக்கரம் தாங்குவதைப் போல இரண்டரை மடங்கு வரை மறுபக்கம் அனுப்பும். நம் கணக்கில் மணல் சக்கரம் 200, மறுபக்கம் 500. மொத்தம் அதே 700. பிரேக் முறை 300-ஐ எரித்துச் சாதித்ததை இது பிரேக்கைத் தொடாமலேயே செய்துவிடுகிறது. அதுவும் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் உடனே. வழக்கமான கியர்பாக்ஸ் எண்ணெயே போதும். தேய்ந்து மாற்ற வேண்டிய தட்டு இல்லை. சத்தமில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் பெரும்பாலும் திறந்த வகை போலவே நடப்பதால் ஏபிஎஸ், ஈஎஸ்பி வேலையில் குறுக்கிடுவதும் குறைவு.

குறை ஒன்று உண்டு. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கினால் மறுபக்கமும் எதுவும் போகாது. உயரமான வேகத்தடையில் குறுக்காக ஏறும்போதும், மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய சாலையின் பள்ளத்தில் இறங்கும்போதும் இது நடக்கலாம். அப்போது காரில் ஏற்கெனவே இருக்கும் பிரேக் முறை கைகொடுக்கும். அது சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கொடுத்தாலே ஹெலிகல் அதைப் பெருக்கி மறுபக்கம் அனுப்பிவிடும். எல்.எஸ்.டி. போட்டாச்சே என்று ஈஎஸ்பி-யை அணைத்து வைக்கும் 'கெத்து' வேண்டாம் என்பது இதனால்தான்.

இன்னொரு மாற்றமும் பழக வேண்டும். டார்க் நல்ல பிடிமானம் உள்ள பக்கத்துக்கு அதிகம் போவதால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மேடு பள்ளம், சாய்ந்த சாலை, லாரிகள் அழுத்திய தடம் என்று சி.டி.எச். சாலையில் எதற்கும் பஞ்சமில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் செல்போன் என்று ஓட்டுபவர்களுக்கு எந்த எல்.எஸ்.டி.யும் ஆகாது.

மழையில் என்ன ஆகும்?

எல்.எஸ்.டி. இருந்தால் மழையில் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. எல்.எஸ்.டி. புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் உலர்ந்த தார் என்றால் உதவும். இரண்டு பக்கமும் தண்ணீர் என்றால் பங்கிட எதுவும் இல்லை.

பின்சக்கர இயக்கக் காரில் விஷயம் இன்னும் நுட்பமானது. திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால் மற்றொன்று சாலையைப் பிடித்துக்கொண்டு காரின் வாலை நேராக வைத்திருக்கும். எல்.எஸ்.டி.யில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டும் போனால் கார் பக்கவாட்டில் சுழலும். பழைய பிஎம்டபிள்யூ வாங்கி 'டூ வே' கிளட்ச் வகையைப் பொருத்தி ஐப்பசி மழையில் வெளிவட்டச் சாலையில் பாய்வது, தெரிந்தே குழியில் விழுவதற்குச் சமம். முன்சக்கர இயக்கக் காரில் சுழல்வது அரிது. ஆனால் இரு முன்சக்கரமும் வழுக்கினால் ஸ்டியரிங் பேச்சைக் கார் கேட்காது.

ஆகவேதான் டயர். காரோடு வந்த, எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு எல்.எஸ்.டி. பற்றிப் பேசுவது கிழிந்த குடைக்குத் தங்கப் பிடி போடுவது மாதிரி. நல்ல ஈரப் பிடிமானம் கொண்ட நான்கு டயர்கள், சரியான காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட் இவற்றுக்கு ஆகும் செலவு எல்.எஸ்.டி. செலவில் ஒரு பகுதிதான். இதைச் செய்த பிறகு பலர் எல்.எஸ்.டி. பேச்சையே மறந்துவிடுகிறார்கள்.

யார் கையில் கொடுப்பது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் மாதிரி ஒன்றைக் காட்டினால் எதையும் கடைந்து தந்துவிடுவார்கள். அந்தக் கைத்திறனை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்.எஸ்.டி. பல்சக்கரத்தை மாதிரி பார்த்துக் கடையச் சொல்லக் கூடாது. வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம். எஃகின் வகை, மேல்தோல் மட்டும் கடினமாகும்படியான வெப்பப் பதப்படுத்தல், பல்லின் மேற்பரப்பு நேர்த்தி ஆகியவைதான் இதன் உயிர். அது தவறினால் பல் உதிரும். உதிர்ந்த பல் கியர்பாக்ஸ் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பொருத்துவதும் ஒரு சாதாரண கிளட்ச் மாற்றும் வேலை அல்ல. சில கியர்பாக்ஸ்களில் கிரவுன் சக்கரம் போல்ட்டுக்குப் பதில் ரிவெட் அடித்திருக்கும். அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும். பேரிங் மாற்ற வேண்டும். ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைத்து பேரிங் இறுக்கத்தை அளந்து சரி செய்ய வேண்டும். 'கையால சுத்திப் பாத்தா தெரியும் சார்' என்று சொல்லும் இடத்தில் காரை விட வேண்டாம். டயல் கேஜ், டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, இதே கியர்பாக்ஸை முன்பு பிரித்திருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. ஆட்டோமேட்டிக் கார் என்றால், அந்தக் கியர்பாக்ஸ் எண்ணுக்கு எல்.எஸ்.டி. தயாரிக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின் பிரிவு 182ஏ-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

டிஃபரன்ஷியல் வகை பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லை; வெளியே தெரிவதும் இல்லை. அதைப் பச்சைக் கொடி என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தகராறாக முளைக்கும். கியர்பாக்ஸுக்கான கம்பெனி வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் பிரிவு 189 தனியாகக் காத்திருக்கிறது: முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, மறுபடி பிடிபட்டால் ஓராண்டு, 10,000 ரூபாய் வரை.

வேகம்தான் வேண்டும் என்றால் பூந்தமல்லிக்காரர்களுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத் தடம் வைத்திருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வந்துவிடும். தனியார் கார்களுக்கு ஓட்ட வாய்ப்புக் கிடைக்கும் நாளில் திறந்த டிஃபரன்ஷியலோடு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், உட்பக்கச் சக்கரம் உண்மையில் எங்கே, எவ்வளவு வழுக்குகிறது என்பது புரிந்துவிடும். லட்ச ரூபாய் முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

'எல்.எஸ்.டி. போட்ட வண்டி' விற்பனைக்கு வந்தால்

பழைய கார் விளம்பரங்களில் இந்த வரி விலையை ஏற்றுகிறது. சோதிக்க ஒரு வழி: காரை நியூட்ரலில் வைத்து, இயங்கு சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்த் திசையில் லேசாகச் சுற்றினால் திறந்த வகை. அதே திசையில் சுற்றினாலோ, சுற்றவே கனமாக இருந்தாலோ உள்ளே கிளட்ச் வகை இருக்கிறது. தட்டும் இன்னும் தேயவில்லை. கிளட்ச் வகை என்று சொல்லி விற்கும் காரில் லேசாக எதிர்த் திசையில் சுற்றினால், தட்டு தேய்ந்து பேருக்கு மட்டும் இருக்கிறது என்று பொருள்.

ஹெலிகல் வகையில் இந்தச் சோதனை பலிக்காது. சுமை இல்லாதபோது அதுவும் திறந்த வகை போலவே எதிர்த் திசையில் சுற்றும். அதற்கு வாங்கிய பில், பாகத்தின் எண், பொருத்தும்போது எடுத்த படங்கள் ஆகியவைதான் சாட்சி. அவை இல்லையென்றால் எல்.எஸ்.டி. இல்லாத காருக்குரிய விலையையே பேச வேண்டும்.